நாகேஸ்வரனின் இருபத்திரண்டு வயது

திருவனந்தபுரம் கரமனை அக்ரஹாரத்தில் நாகேஸ்வரனுக்கு எழுபது நிறைந்து நடந்த பீமரத சாந்தியில், சல்லடை வழியாக ஊற்றிய கலச ஜலம் வடிந்து முடிந்தபோது, அவருக்கும் மனைவி விஜயலக்ஷ்மிக்கும் நடுவே இருபத்திரண்டு வயது நாகேஸ்வரன் ஈர வேஷ்டியோடு உட்கார்ந்திருந்தான். காது மறைக்கும் கிருதா, இடது புருவத்தில் அதே தழும்பு, சந்தேகப்பட ஒன்றுமில்லை. சாஸ்திரிகள் இன்னொரு வேஷ்டி இருக்கிறதா என்று கேட்டார். பந்தியில் ஓர் இலை கூடுதலாகப் போட்டார்கள். அவன் பாலடைப் பாயசத்தை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, முற்றத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றான். கைகழுவ யாராவது தண்ணீர் ஊற்ற வேண்டுமாம்.

தப்பு பெரியவர் மேல்தான். சங்கல்பத்தின்போது மனசில் நினைத்துக்கொள்ளச் சொன்னால் மற்றவர்கள் ஆயுளைக் கேட்பார்கள், முழங்கால் வலி தீரக் கேட்பார்கள். நாகேஸ்வரனோ, இந்தக் காலத்துப் பிள்ளைகள் தன்னுடைய இருபத்திரண்டு வயதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேட்டார். சர்க்கார் ஆபீசிலிருந்து ரிட்டயரானது முதல் அவருக்கு வேறு வேலை கிடையாது. சாயங்காலமானால் கோயில் நடையில் உட்கார்ந்து, இன்றைக்குள்ளதுகள் செல்லம் கொடுத்துக் கெட்டதுகள், நாங்களெல்லாம் கொட்டுகிற மழையில் காலேஜுக்கு நடந்தவர்கள் என்று அளந்துகொண்டிருப்பார். இந்தக் குத்தல் முக்கியமாகப் பேத்தி அஞ்சுவுக்குத்தான். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை, ஒன்பது மணிவரை தூக்கம், இரண்டு தெரு தள்ளியிருக்கும் கடையிலிருந்து தோசையைப் போனில் வரவழைப்பாள், வெந்தயம் எது கடுகு எது என்று தெரியாது. ஆபீசுக்குப் பக்கத்தில் ஃப்ளாட் எடுத்துத் தனியாக இருக்க வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அப்பாவும் அம்மாவும் துபாயில் இருந்ததால் தாத்தா சம்மதிக்க வேண்டும். "பால் காய்ச்சத் தெரியாதவளுக்குத் தனி ஃப்ளாட் ஒண்ணுதான் கொறச்சல்" என்று அவர் மறுத்துவந்தார். இப்போது சாட்சியே வீட்டுக்குள் வந்துவிட்ட தைரியத்தில், "ஒரு மாசம் இவனைப் பாரு. அப்பறமும் நீதான் ஒசத்தின்னு விஜயம் சொல்லட்டும், நான் தடுக்கலை" என்று சபையில் சொல்லிவிட்டார். விஜயலக்ஷ்மி சரி என்று தலையாட்டினாள். அவள் அந்த மனுஷனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டவள்.

மறுநாள் எட்டரை மணிக்குப் போர்வையை விலக்காமலே அவன், "மாமி, காப்பி" என்றான். அவனுக்குக் கல்யாணமாக இன்னும் மூணு வருஷம் இருந்தது. அவள் யாரோ ஒரு மாமி. அவனுக்கு எண்ணெய் காய்ச்ச வேண்டும், வெந்நீர் விளாவ வேண்டும், வாழைப்பழத்தைக்கூட உரித்துத் தர வேண்டும். சாப்பிட்ட தட்டு சாப்பிட்ட இடத்திலேயே காய்ந்து கிடக்கும். கோயில் நடைக்குப் பெருமையாகக் கூட்டிக்கொண்டு போனார் பெரியவர். மழையில் நடந்த கதையை நீயே சொல்லு என்றார். அவனும் கூச்சமில்லாமல் சொன்னான்: நடந்தது நிஜந்தான், பின்னாலேயே வீட்டு வேலைக்காரன் குடை பிடித்துக்கொண்டு வந்தான், புஸ்தகமும் அவன் கையில்தான். தங்கை பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அடுக்களையில் நின்றதால் அம்மாவுக்கும் சிரமமில்லை. "எங்கப்பாவும் இப்படித்தான் மாமா, எங்களுக்கெல்லாம் செல்லம் ஜாஸ்தின்னு தெனம் வைவார்" என்று முடித்தான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மரியாதைக்காகச் சிரிக்காமல் இருந்தார்கள். பெரியவர் அவனைக் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அவனைத் திருத்தப் பார்த்தார். ராத்திரி சாப்பாடு முடிந்து அவன் எழுந்தபோது, "தட்டை எடுத்து அலம்புடா" என்று அதட்டினார். அவன் கோபப்படவில்லை, உண்மையிலேயே புரியாமல் பார்த்தான். "நீங்க அலம்புவேளா மாமா?" என்று கேட்டான். பெரியவருடைய தட்டு அவர் முன்னால் கிடந்தது, எழுபது வருஷமும் கிடந்த மாதிரியே. காதில் எதையோ மாட்டிக்கொண்டு தன் தட்டை அலம்பிக்கொண்டிருந்த அஞ்சு திரும்பி, "தாத்தா, இவன் என்னைக்காட்டிலும் மோசமாக்கும், கேட்டேளா" என்றாள்.

மாசம் முடிந்த அன்று விஜயலக்ஷ்மி தீர்ப்புச் சொன்னாள். "அஞ்சுவும் சோம்பேறிதான். ஆனா தன் தட்டைத் தானே அலம்பிடறா. அவ போகட்டும்." பிறகு அலமாரியிலிருந்து தன் பையை எடுத்தாள். அது ஏற்கெனவே கட்டி வைத்திருந்தது. "நானும் அவளோட போறேன். ஒருத்தருக்கு நாப்பத்தஞ்சு வருஷம் காப்பி கொண்டுவந்து குடுத்தாச்சு. ரெண்டு பேருக்கு என்னால ஆகாது." அதற்குள் அஞ்சு போனில் கூப்பிட்ட கார் வாசலுக்கு வந்துவிட்டது. கழக்கூட்டத்தில் எட்டாவது மாடியில் இப்போது இருவருக்கும் தோசை கதவைத் தட்டிக்கொண்டு வருகிறது. மாமிக்கு முழங்கால் வலி குறைந்திருப்பதாகக் கேள்வி.

அவன் போகவில்லை. போகிற உத்தேசமும் தெரியவில்லை. ரேஷன் கார்டில் பெயர் சேர்த்தாகிவிட்டது. கோயில் நடையில் இப்போது பெரியவர் பேசுவதில்லை. அவன்தான் பேசுகிறான், இந்தக் காலத்துக் கிழவர்களுக்கு ஒரு வேலையும் ஒழுங்காகத் தெரியவில்லை என்று. எழுபது வயதுக்கு மேல் பால் காய்ச்சக் கற்றுக்கொண்ட நாகேஸ்வரன், காலையில் டம்ளரும் டபராவுமாகப் போய்க் கட்டிலருகே நிற்கிறார். போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்து டம்ளரைத் தொட்டுப் பார்க்கிறது.

"ஆறிப்போச்சு, மாமா."

அவர் மறுபடி சூடு பண்ணப் போகிறார்.