குதிரைத் தீர்மானம்

எங்கள் முனிசிபாலிட்டியில் அதிகாரம் யாருக்கு என்று கேட்டால் ஊரே சேர்மன் அம்மையப்ப பிள்ளையைக் காட்டும். உயரமான நாற்காலியைப் பார்த்து வந்த மயக்கம் அது. கூட்டத்தில் எந்த விஷயம் முதலில் வர வேண்டும், எது கடைசியில் கிடக்க வேண்டும் என்று பட்டியல் எழுதுகிறவன் நான். பெயர் கிருபைராஜ், உத்தியோகம் குமாஸ்தா. ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. பாபநாசத்துக்குக் கீழே, தாமிரவருணிக் கரையில் ஏதோ ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாதத்துக்கு ஒரு கூட்டம். சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆரம்பிக்கும். சேர்மனுக்குத் திருநெல்வேலியில் வக்கீல் தொழில். காலை ரயிலில் வருவார், ஐந்து மணி ரயிலில் திரும்பிவிடுவார். ஸ்டேஷனில் முதல் மணி அடித்ததும் அங்கவஸ்திரத்தை எடுத்துத் தோளில் போடுவார். கூட்டம் அத்தோடு சரி. பட்டியலில் பதினைந்து விஷயம் இருந்தால் ஐந்தோ ஆறோ தேறும், மிச்சமெல்லாம் அடுத்த மாதத்துக்குப் போகும். ஆகவே பட்டியலில் மேலே இருப்பது நடக்கும், கீழே இருப்பது காயும். இந்த ரகசியம் ஊரில் அநேகருக்குத் தெரியாது. ஷேக் மைதீனுக்குத் தெரிந்திருந்தது, எப்போதோ நானே பெருமையடித்துச் சொன்னதுதான்.

மைதீன் ஜட்கா ஓட்டுகிறவன். வண்டியும் குதிரையும் பிச்சைக்கண்ணு என்பவருடையவை. ஆனால் அந்தப் பெட்டைக் குதிரைக்குப் பவளம் என்று பேர் வைத்ததும், பதினோரு வருஷமாகத் தீனி வைத்துத் தேய்த்துவிட்டதும் மைதீன்தான். என் மனைவி கெசியாவுக்குப் பிரசவம் சிக்கலான ஒரு மத்தியானம், ஒன்பது மைல் தள்ளியிருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பவளம் ஓடிய ஓட்டம் எனக்கு மறக்காது. இன்னும் கால் மணி பிந்தியிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார்.

1911-ஆம் வருஷம் புரட்டாசியில் மைதீன் ஆபீசுக்கு வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றான்.

“ஐயா, பிச்சைக்கண்ணு அண்ணாச்சி பவளத்த விக்கப் போறாவ. மாசக் கடைசியில கொட்டகையில இருந்து ஆள் வருதாம்.”

ஆற்றங்கரையில் ஒரு தோல் வியாபாரி கொட்டகை போட்டிருந்தார். ஓடிக் களைத்த குதிரைகளை வாங்கி அங்கே அறுப்பார்கள். தோல் பதனிடப் போகும். எலும்பை அரைத்து மலைத் தோட்டங்களுக்கு உரமாக அனுப்புவார்கள். பவளத்துக்குப் பின்னங்கால் வீங்கி மாதம் ஒன்றாகியிருந்தது.

“வயசாயிட்டா என்ன வே செய்ய முடியும்?” என்றேன்.

“கால்தான ஐயா போச்சு, உசிரா போச்சு? அப்பாத்துரை ஐயா தீர்மானம் கொண்டு வாராவளாமே, குதிரைய அறுக்கப்படாதுன்னு. கொட்டகைக்காரர் வாங்கலைன்னா நீயே வச்சுக்கிடுலேன்னு அண்ணாச்சி சொல்லிட்டாவ. ஆனா இந்த மாசமே தீர்மானம் வரணும். அடுத்த மாசம்னா அது இருக்காது.”

ஜன்னலுக்கு வெளியே வண்டி நின்றது. அவன் மகள் மைமூன் உள்ளே உட்கார்ந்திருந்தாள். எட்டு வயது. தாயில்லாத பிள்ளை, தகப்பனோடு வண்டியிலேயே ஊரெல்லாம் சுற்றுவாள். என்னைக் கண்டதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“பவளத்த அறுத்துருவாவளா, மாமா?”

“அறுக்க மாட்டாவ. நான் இருக்கேன்லா, போ” என்றேன். பெரிய ஆள் நான்!

அன்று சாயங்காலம் பட்டியலை எடுத்து முன்னால் வைத்தேன். மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியாரும் சபை மெம்பருமான அப்பாத்துரை கொடுத்த குதிரைத் தீர்மானம் ஒன்பதாவதாக இருந்தது. அந்த இடத்தில் கிடந்தால் தை மாதம்கூட வராது. முதலாவதாக இருந்தது தைக்காத் தெருக் கிணறு. சாக்கடை வாய்க்கால் கசிந்து கிணற்றுக்குள் இறங்குகிறது, அதை மூடிவிட்டு ஆற்றுத் தண்ணீரை வண்டியில் கொண்டுபோய் ஊற்ற உத்தரவு வேண்டும் என்று சுகாதார இன்ஸ்பெக்டர் எழுதியிருந்தார். அதுவும் இரண்டு கூட்டமாகத் தள்ளிப்போய் இந்த மாதம்தான் மேலே ஏறியிருந்தது.

மைதீன் வீடு தைக்காத் தெருவில் இருப்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒன்பதை அடித்து ஒன்று என்று போட்டேன், ஒன்றை அடித்து இரண்டு என்று போட்டேன். குதிரைக்குக் கெடு இருந்தது, கிணற்றுக்கு இல்லை. இரண்டு மாதம் பொறுத்த கிணறு பத்து நிமிஷம் பொறுக்காதா என்று நினைத்தேன். பவளத்துக்குப் பட்ட கடனைத் தீர்த்த சந்தோஷத்தில் வீட்டுக்குப் போய், கெசியாவிடம்கூட அளந்தேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அப்பாத்துரை எழுந்து தீர்மானத்தைப் படித்தார். முனிசிபல் எல்லைக்குள் குதிரை அறுக்க லைசென்ஸ் கொடுக்கக்கூடாது. அவ்வளவுதான், இரண்டே வரி. உடனே கை தூக்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இன்னொரு மெம்பர் கருத்தையா எழுந்துவிட்டார். அவருக்குக் களக்காட்டுப் பக்கம் நிலபுலம் உண்டு, வாயும் கொஞ்சம் பெரிசு.

“மழை வரப் போவுது. ரோட்டுல வண்டி போக வழியில்ல. மனுசன் பாடே இந்தக் கதியில கெடக்கையில குதிரைக்குத் தீர்மானமா வே? இதுக்கெல்லாம் சபையோட நேரத்தச் செலவழிக்கலாமா கூடாதாங்கத மொதல்ல முடிவு பண்ணும். பொறவு குதிரையப் பாப்போம்.”

“வாயில்லாத ஜீவனுக்கு இரங்காத சபை மனுஷனுக்கு மட்டும் இரங்கிக் கிழிச்சிருமோ?” என்று அப்பாத்துரை திருப்பினார்.

சேர்மன் வக்கீல் அல்லவா, வழக்கைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு கட்சியும் பேசட்டும் என்றார். பேசினார்கள். அப்பாத்துரை வேதத்திலிருந்து எடுத்துவிட்டார். உழைத்த மாட்டுக்கு ஒரு நியாயம், உழைத்த குதிரைக்கு ஒரு நியாயமா என்று கேட்டார். கருத்தையா விடுவாரா? சபைக்கு மாதத்தில் இருப்பது இரண்டே மணி நேரம், அதில் ஒவ்வொரு நிமிஷமும் ஊர் ஜனங்களுடையது என்று விளக்கவே அரை மணி எடுத்துக்கொண்டார். குதிரையைப் பற்றிப் பேசலாமா என்பதற்கே ஒரு ஓட்டு எடுத்தார்கள். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் பேசலாம் என்று ஆயிற்று. திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

நாலேகால் ஆயிற்று, கிணறு இன்னும் எட்டவில்லை. ‘இரண்டாம் விஷயம் அவசரம்’ என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதினேன். கூட்டத்தில் குமாஸ்தா வாய் திறக்கக்கூடாது, ஆனால் சேர்மனிடம் சீட்டு நீட்டலாம். நீட்டினால் அவர் குதிரையை அப்படியே ஒத்திவைத்துவிட்டுக் கிணற்றுக்குப் போய்விடுவார். மாசக் கடைசியில் கொட்டகை ஆள் வந்து பவளத்தை அவிழ்த்துக்கொண்டு போவான். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த பிள்ளையிடம் நான் சொன்ன வார்த்தை என்னாவது? சீட்டை மைக்கூட்டுக்கு அடியில் வைத்தேன், அது அங்கேயே இருந்தது.

நாலு மணி ஐம்பத்தைந்துக்குத் தீர்மானம் நிறைவேறியது. சாதகம் ஆறு, பாதகம் ஐந்து. ஓட்டு எடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அப்பாத்துரை வேர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டேஷனில் மணி அடித்தது. சேர்மன் அங்கவஸ்திரத்தை எடுத்தார்.

வாசலில் காத்திருந்த மைதீனிடம் சொன்னபோது அவன் அழுதுவிட்டான். மறுநாள் பிச்சைக்கண்ணு சொன்னபடி குதிரையை அவனிடம் விட்டுவிட்டு, வண்டிக்கு வேறு குதிரை கட்டிக்கொடுத்தார். மைமூன் பவளத்தின் கழுத்தில் செவ்வந்திச் சரத்தைக் கட்டி, எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் நடத்திக்கொண்டு வந்து காட்டினாள். கெசியா அவளுக்குக் கருப்பட்டி மிட்டாய் கொடுத்தாள். அவள் பாதியைக் கடித்துக் குதிரைக்கு நீட்டினாள்.

பதினோராம் நாள் மழை பிடித்தது. வாய்க்கால் பெருகிக் கிணற்றுக்குள் நேராகவே விழுந்திருக்கிறது. இரண்டே நாளில் தைக்காத் தெருவில் வாந்திபேதி ஆரம்பித்துவிட்டது. ஒரு வாரத்தில் பதினான்கு உயிர். ஐந்தாவதாகப் போனவள் மைமூன்.

காலையில் நன்றாக இருந்த பிள்ளைக்கு வெயில் ஏறுவதற்குள் கண் குழிந்துவிட்டதாம். வண்டியையும் புதுக் குதிரையையும் அன்று பிச்சைக்கண்ணு வெளியூருக்கு ஓட்டிப் போயிருந்ததால், மைதீன் அண்டை வீட்டு ஒற்றைமாட்டு வண்டியில் பவளத்தைப் பூட்டியிருக்கிறான். அது நொண்டி நொண்டி ஒரு மைல் இழுத்துவிட்டு நின்றிருக்கிறது. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் ஓடியிருக்கிறான். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது பிள்ளை விறைத்திருந்தது. நான் கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தபோது அடக்கமும் முடிந்திருந்தது.

கிணறு என்ன ஆயிற்று என்கிறீர்களா? மறுநாளே மூடப்பட்டது. திருநெல்வேலிக்குத் தந்தி கொடுத்தோம், சேர்மன் ரயிலேறி வந்து நின்றபடியே கையெழுத்துப் போட்டார். கூட்டமும் கிடையாது, ஓட்டும் கிடையாது, அரை நிமிஷ வேலை. அந்தக் கையெழுத்துக்கு மை ஒற்றிக்கொடுத்தவன் நான்தான். யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. யாரை அடிப்பது? கருத்தையாவையா, அப்பாத்துரையையா? பட்டியல் என் கையெழுத்தில்தானே இருந்தது. குதிரைக்கு இரங்கியது தப்பென்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். சீட்டை எடுத்து நீட்டாத இந்தக் கையை மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

இருபது நாள் கழித்து மைதீன் ஆபீசுக்கு வந்தான். மரணப் பதிவுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தோம். புத்தகத்தை நான்தான் விரித்தேன். பெயர் கேட்டேன், தெரிந்திருந்தும். மைமூன் பீவி என்றான். வயது கேட்டேன். எட்டு முடிந்து ஒன்பது என்றான். அதற்குமேல் பேனா ஓடவில்லை.

அவனுக்கு எதுவுமே தெரியாது. அது எனக்கு இன்னும் கொடுமையாக இருந்தது. போகும்போது, “பவளத்துக்கு உசிர் குடுத்தவிய நீங்க. அது மொகத்தப் பாத்துதான் நாள ஓட்டுதேன்” என்று கும்பிட்டான். அந்தக் கும்பிடு என்னால் தாங்கக் கூடியதாக இல்லை. எழுந்து கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒன்று இரண்டானதை, பேசிப் பேசி நேரம் போனதை, மைக்கூட்டுக்கு அடியில் இருந்த சீட்டை.

 பாய்ந்து என் சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். பிடித்திருக்கலாம்.

“நான் கேட்டதத்தான ஐயா செஞ்சிய” என்றான். தோள் துண்டால் முகத்தைத் துடைத்தான். கதவைத் திறந்துவிட்டு, என்ன நினைத்தானோ, வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான்.

“அதுவா இதுவான்னு அன்னைக்கு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே ஐயா. பவளத்த நானே கொட்டகையில கொண்டு போய்க் கட்டிட்டு வந்திருப்பேனே.”