இடப்பக்க போல்ட்

சரி பண்ணி அனுப்புன வண்டி அதே கோளாறோட திரும்பி வந்தா எந்த ஃபிட்டருக்கும் கோவம் வரும். எனக்குக் கொஞ்சம் அதிகமாவே வரும். குமாசி ஊர்ல சுவாமே பேட்டையில இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் பட்டறைதான். அதுல ஸ்டியரிங் வேலைன்னா அட்டகோராகிட்ட போன்னு யாரும் சொல்லுவாங்க. அட்டகோரா நான்தான். இருபது வருசமா கட்டிக் காத்த அந்தப் பேரை ஒரு கிழவர் திங்கக்கிழமை தவறாம வந்து கெடுத்துக்கிட்டு இருந்தார்.

அவர் பேரு நிமாக்கோ. கொக்கோ கிடங்குல எடை பாத்து ரிட்டயர் ஆனவர். பொண்டாட்டி செத்து ஒரு வருசம் முடிஞ்சும் துக்கத்துக்குப் போட்ட கறுப்புத் துணியைக் களையலை. வண்டி பிரெஞ்சுக்காரன் செஞ்ச பழைய வண்டி. முன்பக்கம் கதவுக்குக் கதவு ஒரே நீளமான பெஞ்சு சீட்டு. ஸ்டியரிங் வீலைப் பிடிச்சு ஆட்டுனா தண்டோட சேந்து மொத்தமும் பல்லு ஆடுற மாதிரி ஆடும்.

"என்ன பெரியவரே, மறுபடியுமா? ஸ்டியரிங்ல ஊஞ்சல் கட்டி ஆடுறீங்களா?"

"ரோடு அப்படி, ஃபிட்டரே."

"ரோடு எல்லாருக்கும் ஒண்ணுதானே. டாக்சிக்காரன் அதே குழியில தான் விழுந்து எந்திரிக்கிறான். அவனுக்கு ஆடலையே."

"அவனுக்கு நல்ல ஃபிட்டர் கிடைச்சிருப்பான்."

பக்கத்துல கென்கே, அதான் புளிச்ச மக்காச்சோள மாவு உருண்டை, விக்கிற அஃப்ராகோமா வாழையிலைக் கட்டை அவிழ்த்துக்கிட்டே விழுந்து விழுந்து சிரிச்சா. அவளுக்கு என்னைக் கேலி பண்ண ஆள் கிடைச்சா அன்னைக்கு வியாபாரமே வேண்டாம்.

வேலை பெரிய வேலை இல்லை. டேஷ்போர்டுக்கு அடியில தண்டைத் தாங்குற பிராக்கெட்டை ரெண்டு போல்ட் பிடிச்சிருக்கும். மல்லாந்து படுத்துத் தலையை உள்ள விட்டு இறுக்கணும், அவ்வளவுதான். முதல் தடவை சும்மா இறுக்கினேன். அடுத்த தடவை கனமான வாஷர் போட்டேன். அதுக்கப்புறம் நட்டுக்கு மேல நட்டு போட்டுப் பூட்டினேன். எதுக்கும் மசியலை. அதுலயும் ஒரு வேடிக்கை. குழியில குலுங்கித் தளர்ந்தா ரெண்டு போல்ட்டும் தளரணும். இங்க எப்பவும் இடப்பக்க போல்ட் மட்டும்தான் தளரும். யாரோ வீலை வலப்பக்கமாக் கீழ பிடிச்சு இழுக்கிற மாதிரி. ஓட்டுறவர் உக்கார்றது இடப்பக்கம். அவர் ஏறி இறங்கும்போது பிடிச்சு இழுத்தா அது வேற பக்கமால்ல போகணும்?

"வண்டியை ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க. கழட்டிப் போட்டு அக்குவேறா ஆணிவேறாப் பாத்துடறேன்"னு சொன்னேன்.

மனுசன் முகம் செத்துப்போச்சு. "சாயங்காலம் எனக்கு வண்டி வேணும்."

"எங்கயாவது போறீங்களா?"

"போறேனோ இல்லையோ, சாயங்காலம் வேணும்."

அப்ப எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனா மத்தியானம் வேலை முடிஞ்சதும் அவர் சீக்கிரம் கிளம்ப மாட்டார். பாட்டில் மூடியெல்லாம் கட்டத்துல அடுக்கி டாமே ஆட உக்காந்துருவோம். நான் அஃப்ராகோமாகிட்ட ஆளுக்கு ஒண்ணா ரெண்டு கென்கே, மிளகாய் அரைச்சது, பொரிச்ச மீன் சொல்லுவேன். அவர் என் காயை வெட்டிட்டு, "போல்ட் மாதிரித்தான் ஆட்டமும், லூசா இருக்கு"ன்னு மெதுவாச் சொல்லுவார். பதிலுக்கு, "கொக்கோ மூட்டையில கல்லு வச்சு எடை போட்டவர்தானே, ஆட்டத்துல ஏமாத்தாமலா இருப்பீங்க"ம்பேன். வாரத்துல மத்த நாள்ல நான் அவ்வளவு பேசறது இல்லை. வீட்டுல பேச ஆளும் இல்லை. என் பொண்டாட்டி இத்தாலிக்கு வேலைக்குப் போனா. ஆரம்பத்துல ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் வந்தது. அப்புறம் கிறிஸ்துமசுக்கு வந்தது. ரெண்டு ரூம்ல ஒண்ணு பூட்டியே கிடக்கு.

ஒரு திங்கக்கிழமை போல்ட்டையே புதுசா மாத்தி, கை வலிக்க இறுக்கி முடிச்சேன். அவர் கை கழுவக் குழாய்க்குப் போயிருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. முதுகு கொஞ்சம் நிமிரட்டுமேன்னு அந்தப் பெஞ்சு சீட்டுலயே நீட்டிப் படுத்தேன். தலை வலப்பக்கக் கதவுகிட்ட, காலு வீலுக்கு அடியில. சீட்டு என் தோளுக்கும் இடுப்புக்கும் அளவெடுத்த மாதிரி பள்ளம் பள்ளமா இருந்தது. நல்லா இருக்கேன்னு கண்ணை மூடினேன். குழாய்ச் சத்தம் நின்னதும் எந்திரிக்கணுமேன்னு கையை நீட்டுனேன். கைக்கு எட்டுனது ஸ்டியரிங் வீல்தான். பிடிச்சு இழுத்து எந்திரிச்சேன்.

இடப்பக்க போல்ட் கடக்குன்னுச்சு.

நான் வீலைப் பிடிச்ச கையோட அப்படியே உக்காந்திருந்தேன். ராத்திரியில இந்த வண்டியில யாரோ படுக்கிறாங்க. காலையில இந்த வீலைப் பிடிச்சு எந்திரிக்கிறாங்க. அது யாருன்னு கேக்க ஒரு ஆள் வேணுமா?

அவர் போன பிறகு, பெரியவர் இப்ப எங்க தங்குறார்னு அஃப்ராகோமாகிட்ட பட்டும் படாமக் கேட்டேன்.

"உனக்குத் தெரியாதா?" அவ குரல்ல கேலி இல்லை. "வீடு அவர் பொண்டாட்டியோட தாய்வழி வீடு, அவங்க ஆளுங்களுக்குத்தான் சேரும். வருசக் காரியம் முடிஞ்ச மறுநாள் மச்சினன்காரன் கேட்டுக்குப் பூட்டு போட்டுட்டான். பிள்ளை குட்டியும் இல்லை. சொந்த ஊர்ல அவர் தாய்வழி வீட்டுல இடம் இருக்காம், போகமாட்டேங்கிறார். அவளை இங்க புதைச்சிட்டு நான் எங்க போறதுன்னு கேக்கிறாராம். நீ தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே, ஃபிட்டரே. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு வர்ற மனுசன்."

அந்த வாரம் எனக்கு வேலையே ஓடலை. பூட்டிக் கிடந்த ரூமைத் திறந்து கூட்டினேன். மெத்தையை வெயில்ல போட்டேன். என்ன சொல்லிக் கூப்பிடறதுன்னு மட்டும் தெரியலை. அவரை வாங்கன்னு சொன்னா, உங்களுக்கு வீடில்லைன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி. சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது.

அடுத்த திங்கக்கிழமை வந்தார். "ஆடுது"ன்னார்.

நான் சண்டை போடலை. பிராக்கெட்டை இறக்கி, தேஞ்சு அகண்ட ஓட்டையை வெல்டிங்ல அடைச்சுப் புது ஓட்டை போட்டு மாட்டினேன். அதுக்கப்புறம் பழைய சீட் பெல்ட் துண்டு ஒண்ணை ரெண்டா மடிச்சு, கூரைக் கம்பியில போல்ட் போட்டு நடுவுல தொங்க விட்டேன். பஸ்ல நிக்கிறவன் பிடிக்கிற வார் மாதிரி.

அவர் வந்து ஏறினார். வாரைப் பாத்தார்.

"இது எதுக்கு?"

"வீலைப் பிடிச்சு இழுக்க வேண்டாம். இதைப் பிடிங்க."

கையைத் தூக்கி வாரைப் பிடிச்சு ஒரு தடவை இழுத்துப் பாத்தார். "பலமாத்தான் இருக்கு"ன்னார்.

"என் வீட்டுல ஒரு ரூம் சும்மா கிடக்கு, பெரியவரே."

"உன் சம்சாரம் வந்தா?"

"அவ வரமாட்டா."

அதை நான் வாய் விட்டுச் சொன்னது அதான் முதல் தடவை. அவர் என் பக்கம் திரும்பாம, முன்கண்ணாடியில இருந்த தூசியைப் பாத்துக்கிட்டே இருந்தார்.

"எனக்கு வீடு இருக்கு, ஃபிட்டரே. சாவிதான் மச்சினன்கிட்ட இருக்கு." லேசாச் சிரிச்சார். அன்னைக்கு டாமே ஆடலை. வண்டியைக் கிளப்பிட்டார். வளைவுல திரும்பும்போது பாத்தேன், ஸ்டியரிங் துளி ஆடலை.

அடுத்த திங்கக்கிழமை அவர் வரலை. அதுக்கடுத்த வாரமும் வரலை. மூணாவது வாரம் சந்தை ரோட்டுல அந்த வண்டி போறதைப் பாத்ததா ஒரு டாக்சிக்காரன் சொன்னான். நல்லா ஓடுதாம். ஓடத்தான் செய்யும். நான் பாத்த வேலை அது. அந்த போல்ட் இனிமே ஜென்மத்துக்கும் தளராது.

டாமே கட்டத்துல மூடிகளை அடுக்கி வச்சிட்டு, ஒவ்வொரு பழைய வண்டி இன்ஜின் சத்தத்துக்கும் நான் ரோட்டைப் பாக்கிறேன். செஞ்ச வேலை கெட்டுப்போகணும்னு வேண்டிக்கிற ஃபிட்டர் இந்த சுவாமேல நான் ஒருத்தன்தான் இருப்பேன். இன்னைக்கும் திங்கக்கிழமை. மத்தியானம் அஃப்ராகோமா இலைக் கட்டைக் கையில வச்சுக்கிட்டு என்னைப் பாத்தா.

"ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு வை"ன்னேன்.