நறுக்கிய கம்பி

தன் மகள் பாப்பாவைக் கங்காணி இரண்டாம் தாரமாகக் கேட்ட அன்றே செல்லாயி மகளோடு தோட்டத்தை விட்டு ஓட முடிவு செய்தாள். லூமுட் துறையில் படகேறிவிட்டால் பங்கோர் தீவில் தங்கை வீடு இருந்தது. துரை பங்களாவில் வேலை பார்த்த தம்பி சின்னையாவிடம் மட்டும் சொன்னாள். அவன் அவள் கண்ணெதிரே டெலிபோன் கம்பியை நறுக்கி, ஒரு துண்டைக் கையில் கொடுத்தான்.

"இனிமே எப்படி சேதி போகும்? தைரியமா போ லா, அக்கா."

மறுநாள் மதியம், படகுத்துறையில் இரண்டு காவலாளிகள் அவள் பெயரைச் சொல்லி மறித்தார்கள்.

"கங்காணி வாற வரைக்கும் இங்கேயே உக்காரு."

"கம்பி அறுந்து கிடக்கு. உங்களுக்கு யாரு சொன்னா?"

மூத்த காவலாளி சிரித்தான். "கம்பி எதுக்கு? உங்க தோட்டத்துத் துரை கம்பியில்லாத் தந்திப் பெட்டியில தட்டினா சேதி காத்துலயே வரும், இங்க எங்க துரை பெட்டி பிடிச்சுக்கும். இவரு தட்டினா அங்கே கேக்கும். கரண்டுக்கு மட்டும் ஒருத்தன் பக்கத்துல கைப்பிடியைச் சுத்திக்கிட்டே இருக்கணும்லா."

சுற்றுவது யாரென்று செல்லாயி கேட்கவில்லை. பங்களாவில் ஏதோ இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றித் தோள் கடுக்கிறதென்று சின்னையா வாரந்தோறும் அவளிடம்தான் எண்ணெய் தேய்த்துக்கொள்வான்.

பாப்பா அவள் முந்தானையை இறுகப் பிடித்தாள். மடியில் கம்பித் துண்டு குத்தியது.