கத்திக்காரன் அள்ளிய உப்பு

என் விலாவில் கத்தி வைத்தவனை, ஒரு மத்தியானம் முழுக்கக் கூலியில்லாமல் என் உப்பளத்தில் வேலை வாங்கியிருக்கிறேன். பத்து ஆள் வேலையை ஒற்றை ஆளாகச் செய்தான். அவனுக்கு வேர்த்த வேர்வையில் கடல் ஒரு முழம் ஏறி, பக்கத்து ஊர் கூனிமேட்டில் படகுகளை மேலே இழுத்துக் கட்டினார்கள்.

நம்பமாட்டீர்கள். என் வீட்டிலேயே நம்பவில்லை.

வீடு என்றால், மரக்காணம் உப்பளத்துக்கு நடுவே நான் கட்டிய பங்களா. மொட்டை மாடியில் நின்றால் இலங்கையில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லிவிடலாம். அளத்தை மகன் ராஜ்கமலிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வில் இருக்கிறேன். அவனும் மருமகள் சங்கீதாவும் காலையில் புதுச்சேரி ஜவுளிக்கடைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவார்கள். அதுவரை எனக்குப் பேச்சுத்துணை, கேட்டில் மாட்டிய கேமரா. நல்ல பிள்ளை. எதிர்த்துப் பேசாது.

சங்கீதா பேசுவாள். கடையிலிருந்தே போனில் பார்ப்பாள், ஸ்பீக்கரில் விசாரிப்பாள், கேட்டைத் திறப்பாள். அளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் திறக்காது. வெளிக்குழாயில் தண்ணீர் பிடிக்க வந்தால்கூட, "ஏய், தள்ளி நில்லு" என்று சுவர் அதட்டும்.

"உங்க புளுகு தாங்கலப்பா," என்றான் ராஜ்கமல் ஒரு நாள். "எது நெசம்னு உங்களுக்கே தெரியல. இன்னொரு தடவ இப்படி எதையாச்சும் கெளப்புனீங்கன்னா, முதியோர் ஹோம்லதான் சேக்கணும்."

திண்டிவனத்தில் இடமே பார்த்துவிட்டான். கட்டிலுக்குக் கட்டில் டிவியாம். என் மனைவி திரௌபதி கண்ணை மூடியது இந்த வீட்டில். என் கண்ணும் இங்கேதான் மூட வேண்டும்.

சித்திரை வெயிலில் அவன் வந்தான். இஸ்திரி கலையாத சட்டை, ஷூ, கழுத்தில் அடையாள அட்டை. சோலார் கம்பெனி என்றான். ஸ்பீக்கர் ஏதோ மரியாதையாகப் பேச, கேட் திறந்தது. கூடத்துக்குள் வந்ததும் அட்டையைப் பைக்குள் போட்டுவிட்டுக் கத்தியை வெளியே எடுத்தான்.

"நகை எங்கடா கெழவா?"

நகையெல்லாம் பேங்க் லாக்கரில். சொன்னால் நம்பும் முகமா அது? உண்மையைச் சொல்லி நான் எப்போது பிழைத்தேன்? எனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தேன்.

"மருமகளுக்குப் பயந்து உப்புக் குவியல் அடியில பொதச்சி வச்சிருக்கேன் தம்பி. நாலு கிலோ."

கைக்குட்டைக்குள் கத்தியை மறைத்து, ஒட்டிக்கொண்டே வந்தான். கீற்று மூடிய பெரிய குவியலைக் காட்டி மம்பட்டியைக் கொடுத்தேன். பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த அமராவதி நிமிர்ந்தாள்.

"என்னா மொதலாளி, சார கூட்டியாந்துட்டீங்க?"

"புது ஆளும்மா."

"ஏம்பா, மம்பட்டி என்னா மைக்கா? இறுக்கிப் புடி."

கத்தியைக் கைக்குட்டையோடு இடுப்பில் செருகிக்கொண்டு தோண்டினான். தோண்டத் தோண்ட மேலேயிருந்து சரிந்தது. நான் எதிரே உட்கார்ந்து, என் கல்யாண ஊர்வலத்துக்குத் திமிங்கலம் வந்த கதையை ஆரம்பித்தேன்.

"அப்பறம்?" என்றான்.

தங்கம் எங்கே என்றுதான் கேட்டான். இருக்கட்டுமே. திரௌபதி போன பிறகு என் முகத்தைப் பார்த்து 'அப்பறம்' என்று கேட்டவன் அவன் ஒருத்தன்தான். இடத்தை மாற்றி மாற்றிக் காட்டினேன். கொஞ்சம் உயிருக்காக, மீதி அந்த ஒரு வார்த்தைக்காக.

கைக் கொப்புளங்கள் உடைந்து உப்பு உள்ளே இறங்கியது. வெள்ளை வெளிச்சத்தில் கண் திறக்க முடியாமல், மம்பட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதான். அமராவதி தன் கேனிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். குடித்துவிட்டு, வரப்பில் தடுமாறி ஈசிஆர் ரோட்டுப் பக்கம் போய்விட்டான். திமிங்கலம் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் கதை நின்றுபோனது. கத்தியைப் பற்றி அமராவதியிடம் அவன் போன பிறகுதான் சொன்னேன்.

அன்று மாலை மகனிடம், வாழ்க்கையில் முதல்முறையாக, எதையும் கூட்டாமல் சொன்னேன். அதுதான் அவனுக்கு இன்னும் சந்தேகமாகப் போயிற்று. மனைவியைப் பார்த்தான்.

"கேமராவுல யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரல," என்றாள் சங்கீதா. "மாமா தனியாத்தான் வெளிய போனாரு. கனவு கண்டிருப்பாரு."

மறுநாள் காலை என் பெட்டி காரில் ஏறியது. நானும் ஏறினேன். காருக்காகத் திறந்த கேட் வழியாக அமராவதி உள்ளே வந்துவிட்டாள். ஈரக்காலோடு டைல்ஸில் நின்றாள்.

"வெளிய நில்லு," என்றான் ராஜ்கமல்.

"நிக்கிறேங்க. மொதலாளிய எங்க இட்டும்போறீங்க? கத்தி வெச்சினு வந்தவன புடிச்சிட்டாங்களா?"

"அவரு சொன்ன கதைய எங்கிட்டயே சொல்றியா?"

"கதை இல்லீங்க. நேத்து நான் தண்ணி புடிக்க நின்னுனு இருந்தேன். அம்மா ஸ்பீக்கர்ல அந்த ஆள, 'வாங்க சார், உள்ள போங்க சார்'னாங்க. என்ன 'ஏய், தள்ளிப் போ'ன்னாங்க. மறக்குமா?"

ராஜ்கமல் திரும்பினான். சங்கீதா என்னைப் பார்க்கவில்லை, அமராவதியையும் பார்க்கவில்லை. போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"டீசன்ட்டா இருந்தான்," என்றாள். "திட்டுவீங்கன்னு சொல்லல. நான்தான் தொறந்துவிட்டேன். மாமா அவன்கூடத்தான் போனாரு. அவர் சொன்னது நடந்ததுதான்."