சவேரியார்துறைக்கு வந்த பிள்ளையார் சுழி

பிரித்தானியா ஐரோப்பாவை விட்டு விலகிய பிறகும் ஐரோப்பாவின் நிதி சிவானந்தனை விட்டு விலகவில்லை. லண்டனில், கோலியர்ஸ் வுட்டில், ஒரு சலூனுக்கு மேல்மாடியில் இருந்த அவருடைய நிறுவனத்துக்கு ஒரு கதவு மூடப்பட்டபோது, பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப்பில் இருக்கும் மச்சான் தன் வீட்டு வாசலில் அதே நிறுவனத்தின் பெயர்ப்பலகையை மாட்டி இன்னொரு கதவைத் திறந்துவிட்டார். திட்டத்தின் பெயர் 'இரு கரை, ஒரு மனம்'. எல்லை தாண்டிய கரையோரப் பிராந்திய ஒத்துழைப்பு. அதாவது, மன்னார்க் கரை மீனவரும் எதிரே தமிழ்நாட்டுக் கரை மீனவரும் நடுவிலுள்ள கடலுக்காக முட்டுப்படுவதை நிறுத்தி மனம் ஒத்து வாழ்வதற்கு லண்டனிலிருந்து வழி காட்டுவது.

கடலில் எப்போதாவது கால் நனைத்திருக்கிறீர்களா என்று சிவானந்தனை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், பிரைட்டனில் ஒருமுறை என்று சொல்லியிருப்பார். சப்பாத்தோடு. அவருடைய அலுவலகச் சுவரில் ஒரு வலை தொங்கியது. வருகிறவர்கள் எல்லாம் அதைத் தொட்டுப் பார்த்து உருகுவார்கள். தோட்டச் சாமான் கடையில், காய்கறியைக் குருவி கொத்தாமல் போர்த்துவதற்கு விற்கிற வலை அது.

கிளறிற்றாவுக்கு அது முதல் நாளே தெரிந்துவிட்டது. வலையில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியாதா? ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. லண்டனின் மறுகோடியில், பார்க்கிங் என்ற ஊரில் இருந்து வந்து போகும் மொழிபெயர்ப்பாளர் அவள். ஆஸ்பத்திரி, கவுன்சில், வக்கீல் என்று கூப்பிட்ட இடமெல்லாம் போய், மற்றவர்கள் சொல்வதை மற்றவர்களுக்குச் சொல்வதுதான் தொழில். சொந்தமாக ஏதும் சொல்ல அந்தத் தொழிலில் இடமில்லை. அதோடு இந்தத் திட்டம் அவளுடைய சொந்த ஊரான சவேரியார்துறையைப் பற்றியது. தம்பி டெனுசன் இன்னும் அங்கேதான் கடலுக்குப் போகிறான். நல்லது ஏதும் நடந்தால் நடக்கட்டுமே என்று நினைத்தாள்.

அந்த நினைப்பு ஒரு வியாழக்கிழமை காலை, குசினி மேசையில், ஒரு கோப்பைத் திறந்ததும் செத்தது.

கோப்பில் நாற்பத்துமூன்று படிவங்கள் இருந்தன. சவேரியார்துறை மீனவர்கள் தங்கள் கைப்படத் தமிழில் எழுதிக் கொடுத்த கருத்துகள். திங்கட்கிழமை நடக்கும் நிறைவு மாநாட்டுக்கு முன் அவற்றை ஆங்கிலத்தில் கொடுக்கவேண்டும். ஆறாவது கேள்விக்கு முதல் ஆள் இப்படி எழுதியிருந்தார்: 'வாரத்தில் மூன்று நாட்கள் எதிர்க்கரையின் இழுவைப் படகுகள் எமது கரையோரக் கடலில் தொழில் புரிவதற்கு நாம் மனமுவந்து இணங்குகின்றோம். கடல் அனைவர்க்கும் அன்னை.' இரண்டாவது ஆளும் மனமுவந்து இணங்கினார். மூன்றாவது ஆளும். நாற்பத்துமூன்று பேருடைய மனமும் ஒரே வேகத்தில், ஒரே சொற்களில் உவந்திருந்தது.

இழுவைப் படகு, ஊர்ப் பேச்சில் றோலர், என்றால் கடலின் அடித்தரையையே வழித்துக்கொண்டு போவது. குஞ்சு, முட்டை, பாசி ஒன்றையும் விடாது. குறுக்கே யாராவது வலை போட்டிருந்தால் அதையும் விடாது. இந்த வருசம் மட்டும் டெனுசனின் வலை இரண்டு தரம் அறுந்து போனது. திங்கட்கிழமை, நிதி தருகிற பிரசெல்ஸ் அதிகாரி இந்தப் படிவங்களை ஏற்றுக்கொண்டால் இரண்டாம் கட்டம் தொடங்கும். மூன்று நாள் ஏற்பாட்டை 'மீனவரே விரும்பிக் கேட்டது' என்று இரண்டு அரசாங்கங்களுக்கும் எழுதி, சவேரியார்துறைக் கடலிலேயே பரீட்சித்துப் பார்ப்பார்கள். அந்த மூன்று நாளும் ஊரில் ஒரு வள்ளமும் இறங்க முடியாது.

பதினேழாவது படிவம் டெனுசனுடையது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அவன் எழுத்து ஈரமணலில் நண்டு ஓடினமாதிரி இருக்கும். படிவத்திலோ, அடியிலிருந்த கையெழுத்தைத் தவிர, முத்து முத்தான எழுத்து. எல்லாவற்றுக்கும் மேலே, பக்கத்தின் உச்சியில், நடுவாகப் பார்த்து, சின்னதாக, அழகாக ஒரு பிள்ளையார் சுழி.

கிளறிற்றா முதலாவது படிவத்துக்குத் திரும்பினாள். பிள்ளையார் சுழி. கடைசிப் படிவம். பிள்ளையார் சுழி. கோயில் மூப்பர் அந்தோனியின் படிவம். பூசைக்குச் சுவாமியார் வராவிட்டால் செபமாலையைத் தானே முன்நின்று சொல்லுகிற மனுசன். அவரும் பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்கியிருந்தார்.

சவேரியார்துறையில் நூற்றுப்பத்துக் குடும்பம். நூற்றுப்பத்தும் வேதக்காரர், கத்தோலிக்கர்.

அவள் டெனுசனுக்குப் போன் அடித்தாள்.

"டேய், உன்னட்டை ஆரும் கடதாசி நிரப்பி வாங்கினவையோ?"

"என்ன கடதாசியக்கா? போன மாசம் ஒரு வான் பிடிச்சு நாலு பேர் வந்தவை. போட்டோ எடுத்தவை. ஆளுக்கொரு தொப்பி தந்தவை. போயிட்டினம்."

"கையெழுத்து?"

"தொப்பிக்கு வச்சனாங்கள். தொப்பி வாங்கினதுக்கு."

"தொப்பி நல்லதோ?"

"ஒரு மழைக்குச் சாயம் போயிட்டுது. ஏனக்கா?"

அவள் ஆறாவது கேள்வியின் விடையை வாசித்துக் காட்டினாள். அதற்கு டெனுசன் சொன்னதை இங்கே எழுத வேண்டாம்; பின்னால் வரும்.

வெள்ளிக்கிழமை அவள் படிவங்களோடு கோலியர்ஸ் வுட்டுக்குப் போனாள். சிவானந்தன் கழுத்துப்பட்டியை மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலமா, கடல் நீலமா என்பது அன்றைய பிரச்சினை. மூலையில் பரமேஸ்வரன் இருந்தார். தபால் கந்தோரில் முப்பது வருசம் இருந்து ஓய்வு பெற்றவர். நிறுவனத்தின் எழுத்து வேலை முழுக்க அவர் தலையில்.

"இந்த எழுத்து ஆரின்ரை, அண்ணை?"

சிவானந்தன் பதில் சொல்லுமுன் பரமேஸ்வரனின் முகம் மலர்ந்தது. "வடிவா இருக்கோ பிள்ளை? நாலு நாள் இருந்து எழுதினது. இப்ப ஆர் இப்பிடி எழுதுகினம்!"

"சுழியும் நீங்களோ போட்டது?"

"பின்னை? சுழி போடாமல் நான் பால்காரனுக்குக்கூட ஒரு துண்டு எழுதிறேல்லை."

சிவானந்தன் கண்ணாடியை விட்டுத் திரும்பினார். "கிளறிற்றா, நீர் ஒண்டை விளங்கிக்கொள்ளும். அந்தச் சனத்துக்கு எழுத நேரமில்லை. நாங்கள் அவையின்ரை மனசை அறிஞ்சு எழுதினனாங்கள். இதுக்குப் பேர் பங்கேற்பு."

"என்ரை தம்பியின்ரை மனசு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எல்லாரின்ரை மனசும் ஒண்டுதானே. திட்டத்தின்ரை பேரே அதுதான்."

"றோலர்காரருக்கு மூண்டு நாள் கடலைக் குடுக்க அவன் எந்தக் காலத்திலையும் சம்மதியான் அண்ணை."

"இணக்கம் வராட்டில் இரண்டாங்கட்டம் இல்லை. இரண்டாங்கட்டம் இல்லாட்டில் உந்தச் சனத்துக்கு ஆர் உதவி செய்யிறது? அதுகளின்ரை நன்மைக்குத்தான் சொல்லுறன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "சுழியை நீர் மொழிபெயர்க்கத் தேவையில்லை. அது ஒரு சொல்லில்லை. மிச்சத்தைச் செய்யும். நீர் வேலை பாக்கிற இடமெல்லாம் என்னை அறிஞ்ச ஆக்கள் இருக்கினம், தெரியும்தானே?"

"ஓம், தெரியும்," என்றாள் கிளறிற்றா. "நான் உள்ளதை உள்ளபடி செய்யிறன்."

அவர் அதை நல்ல சேதியாக எடுத்துக்கொண்டு கடல் நீலத்தைக் கட்டினார்.

திங்கட்கிழமை மாநாடு நடந்த மண்டபத்திலிருந்து தேம்ஸ் நதி தெரியும் என்று அழைப்பிதழில் இருந்தது. ஜன்னலால் தெரிந்தது பக்கத்துக் கட்டடத்தின் குப்பைத் தொட்டிகள். அறுபது பேர் வந்திருந்தார்கள். 'கரையோரத் தாங்குதிறன்' என்பதைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள், ஒருவரும் கரை சேரவில்லை. முன்வரிசையில் பிரசெல்ஸிலிருந்து வந்த நிதி அதிகாரி மார்லீன், கையில் கிளறிற்றாவின் மொழிபெயர்ப்போடு இருந்தார். நாற்பத்துமூன்று பக்கத்தின் தலையிலும் கிளறிற்றா ஒரே வரியை எழுதியிருந்தாள்: 'இவ்விடத்தில் எழுதியவர், இந்துக்கள் எழுதத் தொடங்குமுன் விநாயகக் கடவுளை வணங்கி இடும் குறியை இட்டிருக்கிறார்.' முன்குறிப்பில், கிராமம் முழுவதும் கத்தோலிக்கர் என்றும் எழுதியிருந்தாள். இதற்குமேல் எப்படிச் சொல்வது?

மார்லீன் வாசித்தார். புருவம் உயர்ந்தது. களவைப் பிடித்துவிட்டார் என்று கிளறிற்றா நினைத்தாள்.

"அற்புதம்!" என்றார் மார்லீன். "கத்தோலிக்க மீனவர்கள் தங்கள் இந்து அயலவர்களின் கடவுளை வணங்கி எழுதியிருக்கிறார்கள். சமய நல்லிணக்கம்! நாங்கள் திட்டத்தில் எதிர்பார்க்கவே இல்லாத விளைவு இது!"

மண்டபம் கைதட்டியது. சிவானந்தன் எழுந்து நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தார். "அது எங்கள் மண்ணின் மரபு, அம்மணி," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கிளறிற்றாவைப் பார்த்து, "பாத்தீரோ?" என்று தமிழில் உதட்டை அசைத்தார்.

கிளறிற்றாவுக்கு உள்ளங்காலில் இருந்து உச்சி வரைக்கும் எரிந்தது. களவைச் சொன்னால் அதற்கும் கைதட்டுகிறார்களே! இவர்களுக்கு எந்தப் பாசையில் சொன்னால் விளங்கும்?

அடுத்தது, நிகழ்ச்சி நிரலின்படி, சவேரியார்துறையோடு நேரடி இணைப்பு. பத்து நிமிடம். மீனவர்கள் தொப்பியோடு திரையில் தோன்றிக் கையசைப்பார்கள், கிளறிற்றா 'அவர்கள் நன்றி சொல்கிறார்கள்' என்பாள், பிறகு சாப்பாடு.

திரை தெளிந்தது. கோயில் மண்டபம். ஒருவர் தலையிலும் தொப்பி இல்லை. முன்னால் டெனுசன், பக்கத்தில் மூப்பர் அந்தோனி, பின்னால் வாங்குகள் நிறைய ஆண்களும் பெண்களும். பத்துப் பேரை எதிர்பார்த்த இடத்தில் முழு ஊரும் இருந்தது. வியாழக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் இடையில் டெனுசன் சும்மா இருக்கவில்லை.

கிளறிற்றா ஒலிவாங்கியை எடுத்தாள். பதினேழாம் படிவத்தை எடுத்துத் தமிழில், நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். மூன்று நாள். மனமுவந்து. கடல் அனைவர்க்கும் அன்னை.

"உங்கடை பேரிலைதான் இருக்கு. இது நீங்கள் சொன்னதோ?"

"எந்த மானங்கெட்ட நாய் அதை எழுதினது?" என்றான் டெனுசன்.

கிளறிற்றா சபையைப் பார்த்துத் திரும்பி, வக்கீல்களுக்கு முன் பேசுகிற அதே சமனான குரலில், ஆங்கிலத்தில் சொன்னாள்: "எந்த மானங்கெட்ட நாய் அதை எழுதியது என்று அவர் கேட்கிறார்."

கரண்டிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றார்கள். சிவானந்தன் பாய்ந்து அவள் பக்கம் வந்து, "சுருக்கிச் சொல்லும்! சுருக்கி!" என்று சீறினார்.

"சுருக்கிச் சொல்லும்படி திரு. சிவானந்தன் என்னைக் கேட்கிறார்," என்றாள் கிளறிற்றா ஆங்கிலத்தில்.

"உமக்கென்ன விசரே? லைனை வெட்டச் சொல்லும்!"

"எனக்குப் பைத்தியமா என்று கேட்கிறார். இணைப்பைத் துண்டிக்கச் சொல்கிறார்." பிறகு திரைப்பக்கம் திரும்பி, அதையே தமிழில் ஊருக்கும் சொன்னாள்.

"வெட்டுவாராமோ?" மூப்பர் அந்தோனி எழுந்தார். "வலையை வெட்டினது போதாதெண்டு இப்ப வாயையும் வெட்டுவாராமோ? பிள்ளை, கேள் அந்த மனுசனை, தொப்பிக்கு வச்ச கையெழுத்தை எடுத்துக் கடலுக்கு ஒட்டினது எந்த ஊர் நியாயம் எண்டு."

அவள் கேட்டாள். சிவானந்தன் வாயைத் திறந்தார்; பேசினால் அது இரண்டு பாசையில் வெளியே போகும் என்று ஞாபகம் வந்து மூடினார். கூட்டத்தில் அவர் பேசாமல் இருந்தது அன்றுதான் முதல் தடவை.

மார்லீன் முகத்தில் நல்லிணக்கம் வடிந்துபோயிருந்தது. "அப்படியானால் இதை யார் எழுதினார்கள்?" என்று படிவத்தைத் தூக்கிக் காட்டினார்.

பின்வரிசையில் பரமேஸ்வரன் பள்ளிப்பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தினார். அவருக்குப் பாதி விளங்கியது. எழுத்தைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பது விளங்கியது. "என்ரை எழுத்துத்தான் அம்மா," என்றவர், சபையின் முகத்தைப் பார்த்து, கையை மெல்ல இறக்கினார். "சிவானந்தன் சொல்லச் சொல்ல எழுதினனான். அவையைக் கேட்டுத்தான் சொல்லுறார் எண்டு நினைச்சன்."

கிளறிற்றா அதையும் மொழிபெயர்த்தாள். ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

மார்லீன் நாற்பத்துமூன்று தாளையும் அடுக்கி, தன் பையில் வைத்துப் பூட்டினார். "இவை இனிக் கருத்துப் படிவங்கள் அல்ல. விசாரணைக்குப் போகின்றன. மூன்று நாள் ஏற்பாடு எந்த அரசாங்கத்துக்கும் போகாது." பிறகு தயங்கி, ஒலிவாங்கியைப் பார்த்தார். "பத்து நிமிடம் முடிந்துவிட்டது. ஆனால் அவர்களிடம் கேளுங்கள், வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று."

"வேறை ஏதும் சொல்லக் கிடக்கோ எண்டு கேக்கினம்," என்றாள் கிளறிற்றா.

"கிடக்கோவோ?" டெனுசன் சிரித்தான்; சந்தோசச் சிரிப்பு இல்லை. "பதினஞ்சு வருசத்துக் கதை கிடக்கு. இண்டைக்கு ஒருத்தரும் தொழிலுக்குப் போகேல்லை அக்கா. ஆறுதலாக் கேக்கச் சொல்லுங்கோ."

அவன் வாங்கை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் அறுந்த வலையிலிருந்து தொடங்கினான். அவனுக்குப் பின்னால் ஆட்கள் வரிசையாக எழுந்து நின்றார்கள். சாப்பாடு பன்னிரண்டரைக்கு என்று நிரலில் இருந்தது. இரண்டு மணிக்கு, மேசையில் ரோல்ஸும் பற்றிஸும் ஆறிப்போய்க் கிடக்க, ஒருவரையும் எழும்ப விடாமல், கிளறிற்றா பதினோராவது ஆளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள்.