கட்டு அவிழ்த்த பிறகு

கொளஞ்சியம்மாளின் வலது தோள் நாலு வருடத்தில் பதினோரு தடவை கழன்றது. முதல் தடவை கிணற்றடியில் வழுக்கி விழுந்தபோது. அப்புறம் விழவேண்டிய அவசியம்கூட இல்லை. கொடியில் புடவை போடக் கையைத் தூக்கினாலே எலும்பு நழுவிவிடும். ஒவ்வொரு தடவையும் புருஷன் நல்லுசாமிதான் சைக்கிளில் உட்காரவைத்துக் கட்டு வைத்தியரிடம் தள்ளிக்கொண்டு போவான். உள்ளே அவள் அலறும்போது வெளியே காதைப் பொத்திக்கொண்டு நிற்பான்.

பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் வேலை அவளுக்குக் கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சோற்று அண்டாவைக் கிளறும்போது, தட்டோடு நின்ற பிள்ளைகளின் கண் முன்னாலேயே பதினோராவது தடவை கழன்றது. அதன் பிறகுதான் திருச்சி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். கையை மடக்கி மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டு, "ஆறு வாரம் அசைக்கவே கூடாது. ஆறு வாரம் முடிஞ்சதும் கண்டிப்பா வரணும். கைக்குப் பயிற்சி குடுக்கணும்" என்றார் டாக்டர்.

முதல் பாதி மட்டும்தான் நல்லுசாமியின் மனதில் தங்கியது.

பெரம்பலூரில் அந்த வருடம் சித்திரை வெயில் கொளுத்தியது. கட்டுக்கு உள்ளே வியர்த்து ஊறியது; சொறிய விரல் நுழையாது. படுத்தால் தோள் குத்தும் என்று சுவரில் சாய்ந்தே தூங்கினாள். நல்லுசாமியின் அக்கா பாப்பாயி புடவை கட்டிவிட்டாள், தலை வாரிவிட்டாள். இடது கையால் சாப்பிட மனசு வராததால் நல்லுசாமியே உருட்டி ஊட்டினான். நிலக்கடலை மண்டி வேலைக்குப் போகும்போது, "வாசப்படி தாண்டாத. எவனாச்சும் இடிச்சிருவான்" என்று சொல்லிவிட்டுப் போவான்.

ஆறு வாரம் முடிந்தது.

"எப்ப திருச்சி போறோம்?"

"திருவிழா நேரம். பஸ்ஸுல கால் வைக்க எடமில்ல. இன்னும் கொஞ்ச நாள் கட்டுலயே இருந்தா நல்லா ஒட்டிக்குமில்ல?"

ஏழாவது வாரமும் அதே பதில். ஒன்பதாவது வாரம், "ஒனக்கென்ன கொறை? வேலையெல்லாம் நாங்கதான பாக்குறோம்" என்று கோபித்துக்கொண்டான். அவன் கண்ணில் தெரிந்தது கோபம் இல்லை, பயம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால் வாயைத் திறக்கவும் முடியவில்லை.

பத்தாவது வாரம் ஒரு காலையில், அவன் போன பிறகு கட்டைத் தானே அவிழ்த்தாள். துணி முழுக்கத் தரையில் விழுந்தது. கை மட்டும் மார்பை விட்டு வரவில்லை. மெலிந்து, தோல் உரிந்து, கட்டு இருப்பது போலவே ஒட்டிக்கொண்டு நின்றது. தூக்கிப் பார்த்தாள். ஒரு சாண் நகர்ந்ததும் உயிர் போகிற வலி.

"அண்ணி!" என்று கத்தினாள்.

ஓடிவந்த பாப்பாயி கையைப் பார்த்தாள். வேறு புடவை எடுத்துக் கட்டிவிட்டு, பஸ்ஸுக்குக் காசை அவள் இடது கையில் வைத்தாள்.

"நீ கெளம்பு. அவங்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

திருச்சி வரை ஜன்னலோரம் வலது பக்கத்தை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் கையை மெதுவாக அசைத்துப் பார்த்து முகம் சுளித்தார்.

"எலும்பு நல்லா நிக்குதும்மா. ஆனா தோள் இறுகிப் போச்சு. ஏன் இவ்வளவு நாள் வரல?"

அவள் பதில் சொல்லுமுன் வாசலில் நல்லுசாமி வந்து நின்றான். அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தான். சட்டையெல்லாம் கடலைத் தூசி.

"கழண்டுருச்சா சார்?"

"கழலல. கட்டியே வச்சிருந்தீங்கன்னா இனி தூக்கவே வராது. இங்க வாங்க, முழங்கையைப் பிடிங்க. நான் சொல்றபடி மெல்லத் தூக்குங்க."

அவன் வந்து முழங்கையைப் பிடித்தான். கொஞ்சம் தூக்கியதும் அவள் பல்லைக் கடித்து முனகினாள். சட்டென்று விட்டுவிட்டுப் பின்வாங்கினான்.

"என்னால ஆகாது சார்."

"ஏங்க, புடிங்க," என்றாள் கொளஞ்சியம்மாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "நான் கத்துனாலும் விடாதீங்க. இப்புடியே ஒட்டிக்கெடந்தா நான் செத்துருவேன்."

அவன் மறுபடியும் பிடித்தான். அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே தூக்கினான்.

அப்புறம் தினமும் காலையில் மண்டிக்குப் போகுமுன் அதுதான் அவன் வேலை. அவள் கத்துவாள், அவன் முகம் வெளுக்கும். ஆடியில் கை தோள் மட்டத்துக்கு வந்தது. ஐப்பசியில் நெற்றியைத் தொட்டாள். அதற்கு மேல் இன்றுவரை ஏறவில்லை. கொண்டை போட வேண்டுமென்றால் தலையைக் குனிந்துதான் போடுகிறாள்.

அந்த வருடக் கடைசியில் மறுபடி வேலைக்குப் போனாள். அண்டா கிளற வேறொருத்தியை வைத்திருந்தார்கள். காய் நறுக்கச் சொன்னார்கள். சரி என்று உட்கார்ந்தாள். மத்தியானம் சோற்றைப் பிசைந்து, தன் வலது கையால் தானே எடுத்துச் சாப்பிட்டாள்.