பென்சில் கோடு

எங்க பிரார்த்தனைக் கூடத்துல எனக்கு ஓட்டைவாய்னு பேரு. மறைவா இல்லை, முகத்துக்கு நேராவே கூப்பிடுவாங்க. கூப்பிட்டுக்கட்டும். பழக்கடை வச்சிருக்கறவ வாயை மூடிக்கிட்டு நின்னா பழம் அழுகித்தான் போகும். எச்.ஐ.வி வகுப்புல கேள்விச் சீட்டு வாசிக்கற வேலையை அந்த வாய்க்காகத்தான் என் தலையில கட்டினாங்க.

வகுப்பு ஆரம்பிச்சதே பெரிய கூத்து. எங்க கூடத்துத் தலைவர் கடவுளைப் பத்தி ரெண்டு மணி நேரம் மூச்சுவிடாம பேசுவார். ஆணுறைங்கற ஒரே ஒரு வார்த்தைக்கு நாலு தடவை இருமினார், ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சார். கடைசியில வகுப்பெடுக்க வந்த நர்ஸக்காதான் அதைச் சொல்லி முடிச்சாங்க. ஆனா மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை. அடுத்த வாரம் எல்லார் முன்னாடியும் சட்டைக் கையை மடிச்சு, பரிசோதனைக்கு முதல் ஆளா ரத்தம் கொடுத்தார். அவர் பின்னாடி முப்பது பேர் வரிசையில நின்னோம்.

நேர்ல கேட்கக் கூச்சப்படறவங்க சீட்டுல எழுதிப் பெட்டியில போட்டுடலாம். பேர் போட வேண்டாம். நான் வாசிப்பேன், நர்ஸக்கா பதில் சொல்வாங்க. அப்புறம் சீட்டையும் பதிலையும் வாசல் பலகையில ஒட்டிடுவோம். வகுப்புக்கு வராதவங்களும் படிக்கட்டுமே.

என் அண்ணனைப் பத்திச் சொல்லணும். கடைக்குப் போர்டு எழுதறவன். எழுத்து ஏறி இறங்காம இருக்க மேலே ஒண்ணு, கீழே ஒண்ணுன்னு பென்சில் கோடு போட்டுட்டுத்தான் பிரஷ்ஷைத் தொடுவான். மளிகைச் சாமான் லிஸ்ட்டுக்குக்கூட ஸ்கேலைத் தேடுவான்னா பார்த்துக்கோங்க. கோடு மாஸ்டர்னுதான் தெருவே கூப்பிடும்.

எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழிச்சு ஒரு பொண்ணு பிறந்தா. அப்போ அவளுக்கு எட்டு மாசம். அவளை முதல்ல கையில வாங்கினதே தாய்மாமன்தான். ஆனா மூணு மாசமா ஆள் பிள்ளையைத் தொடவே இல்லை. அவ தாவினா, "கையில பெயின்ட்டு"ன்னு விலகிடுவான். எங்க தட்டுல சாப்பிட மாட்டான், டம்ளர்ல தண்ணி குடிக்க மாட்டான். ஒருநாள் வந்து, வேற ஊருக்கே போறேன்னான். எனக்கு வந்துச்சே கோபம்!

"என் பிள்ளை உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு? போ, ஒரேயடியா போய்த் தொலை!"

தெருவே எட்டிப் பார்த்துச்சு. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டான்.

நாலாவது வார வகுப்புல பெட்டியைத் திறந்தா ஏழு சீட்டு. ஆறாவது சீட்டுல எழுத்து கோணல்மாணலா, இடது கையால எழுதின மாதிரி இருந்துச்சு. தட்டுத்தடுமாறி வாசிச்சேன்.

"எனக்கு எச்.ஐ.வி இருக்கு. மூணு மாசமா மாத்திரை சாப்பிடறேன். வீட்டுல யாருக்கும் தெரியாது. எங்க வீட்டுல ஒரு கைக்குழந்தை இருக்கு. அதைத் தூக்கலாமா? பயமா இருக்கு."

வாசிச்சு முடிச்சப்புறம்தான் கண்ணுல பட்டுச்சு. ஒவ்வொரு வரிக்கும் மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு, பென்சில் கோடு. கேள்விச் சீட்டுக்கு யாராவது கோடு போடுவாங்களா? கையை மாத்தத் தெரிஞ்சவனுக்குப் பழக்கத்தை மாத்தத் தெரியலை.

கடைசி வரிசையில அண்ணன் உட்கார்ந்திருக்கான். நான் ஒரு தடவை திரும்பினா போச்சு, என் முகமே ஊரைக் கூட்டிடும். அண்ணாந்து ஃபேனைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

நர்ஸக்கா சொன்னாங்க: "தாராளமா தூக்கலாம். தூக்கறதால, முத்தம் கொடுக்கறதால, ஒரே தட்டுல சாப்பிடறதால இது பரவவே பரவாது. மாத்திரையை மட்டும் ஒருநாள்கூட விட்டுடாதீங்க."

"இன்னொரு தடவை சொல்லுங்கக்கா, பின்னாடி கேட்கலை!"

மூணு தடவை சொல்ல வச்சேன். அப்பவும் மனசு ஆறலை. மைக்கை வாங்கிட்டேன்.

"இதை எழுதினவர் யாரா இருந்தாலும் சரி. உங்க வீட்டுல யாராவது உங்களைப் பார்த்துக் கத்தியிருந்தா, அது விவரம் தெரியாம கத்தினது. மன்னிச்சிடுங்க. போய்க் குழந்தையைத் தூக்குங்க."

தலைவர் இருமாம தலையாட்டினார்.

அடுத்தது பலகை. சீட்டை அப்படியே ஒட்டினா, பார்க்கற முதல் ஆளே கோடு மாஸ்டர்னு சொல்லிடுவான். குழந்தைகள் வகுப்பு டப்பாவுல இருந்து ஒரு ரப்பரை எடுத்துக்கிட்டு, பாய் அடுக்கற ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்தினேன். அழுதுக்கிட்டே அழிச்சேன். பேனா எழுத்து அப்படியே நின்னுச்சு, கோடெல்லாம் போயிடுச்சு. என் கையாலேயே பலகையில ஒட்டினேன். ஒரு வருஷம் கழிச்சு அவனே அதே மைக்கைப் பிடிச்சுச் சொல்ற வரைக்கும் நான் யார்கிட்டயும் மூச்சுவிடலை, என் வீட்டுக்காரர்கிட்டகூட.

அன்னைக்குச் சீட்டை ஒட்டிட்டு நேரா கடைக்கு வந்தேன். வீட்டுக்காரரைச் சாப்பிட அனுப்பிட்டு, பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு வியாபாரம் பார்த்துக்கிட்டிருந்தேன். அண்ணன் வந்தான். வேர்த்து விறுவிறுத்து, ஓடி வந்த மாதிரி இருந்தான்.

"பலகையில இருக்கற அந்தச் சீட்டைக் கிழிக்கத்தான் திரும்பிப் போனேன்"னான். "வீட்டுக்குப் போற பாதி வழியிலதான் ஞாபகம் வந்துச்சு, கோடு போட்டுட்டேன்னு. போய்ப் பார்த்தா கோட்டைக் காணோம்."

நான் ஆப்பிளைத் துடைச்சுக்கிட்டே இருந்தேன்.

"யார் அழிச்சது?" குரல் உடைஞ்சு போச்சு அவனுக்கு.

"எந்தக் கோடு?"ன்னேன். "ஆரஞ்சுக் கூடையை இறக்கணும், எனக்கு ரெண்டு கையும் வேணும். இந்தா, உன் மருமகளைப் பிடி."

கையில பெயின்ட்டுன்னு சொல்லலை. வாங்கிக்கிட்டான். அவ மூணு மாசத்துப் பாக்கியையும் சேர்த்து மாமன் மூக்கைப் பிடிச்சு இழுத்தா. அவன் அழுதான், சிரிச்சான், அவ தலையை முகர்ந்து முகர்ந்து பார்த்தான். எனக்கு உசுரே திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு.

கொஞ்ச நேரம் கழிச்சு எங்க டம்ளர்ல தண்ணி மொண்டு நீட்டினேன். ஒரே மூச்சுல குடிச்சான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து"ன்னான்.